பரு ஆறிய இடத்துக் கருந்தடம்: தை மாதக் கல்யாணத்துக்குள் எவ்வளவு மங்கும்?

கேள்வி: பவளமல்லி

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 24. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, எண்ணெய்ப் பசை முகம். இரண்டு கன்னத்திலும் தாடை ஓரத்திலும் பரு வந்து ஆறிய இடமெல்லாம் தடமாக நிற்கிறது. எல்லாம் ஒரே நிறமும் இல்லை. பெரும்பாலானவை காப்பிப்பொடி நிறம். அண்மையில் ஆறியவை செம்மை கலந்திருக்கின்றன. தாடையில் பெரிய உள்பரு இருந்த இரண்டு இடம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி. புதுப் பரு இன்னும் வாரத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. பின்கழுத்தும் கறுத்திருக்கிறது.

இப்போது போடுவது: காலையில் வைட்டமின் சி சீரம், அதன்மேல் 10 விழுக்காடு நியாசினமைடு. இரவில் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய க்ரீம். ட்யூபில் ஹைட்ரோகுயினோன் 2, ட்ரெட்டினாயின் 0.025, மொமெட்டாசோன் 0.1 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. ஐந்தாறு வாரமாகப் போடுகிறாள். முதலில் பளிச்சென்று தெளிந்தது. இப்போது வெயிலில் போனால் எரிகிறது, கன்னம் சிவக்கிறது. வாரம் இரண்டு முறை வால்நட் ஸ்க்ரப். அம்மா சொல்லி எலுமிச்சைச் சாறும் தேனும். சன்ஸ்க்ரீன் உண்டு, ஆனால் 50 கிராம் ட்யூப் நான்கு மாதமாகத் தீரவில்லை.

தை மாதம் கல்யாணம். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பார்லரில் ஆறு சிட்டிங் பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது) போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். எதை நிறுத்துவது, எதை எந்த அளவில் எந்த வரிசையில் தொடங்குவது, பீல் போடலாமா, கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு யோசித்தால் எந்த மருந்து ஆகாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: நிழல்மரம்

பவளமல்லி, நீங்கள் எழுதியதிலேயே மூன்று வகைத் தடம் இருக்கிறது. மூன்றுக்கும் வழி வேறு, காலக்கெடு வேறு. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தைத் தடத்தின்மேல் மெதுவாக அழுத்தி, கண்ணாடி வழியே பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்து, எடுத்ததும் திரும்பினால் அது ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த செம்மை. அங்கே நிறமி அதிகமில்லை. நிறத்தைக் குறைக்கும் க்ரீம் எதுவும் அதில் வேலை செய்யாது. புதுப் பரு வராமல், கிள்ளாமல், வெயில் படாமல் இருந்தால் சில மாதங்களில் தானே அடங்கும். கறுத்த தோலில் இந்தச் செம்மை சரியாகத் தெரியாது, ஊதா கலந்த பழுப்பாகத் தெரியும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அழுத்திப் பாருங்கள்.

அழுத்தியும் மாறாமல் காப்பிப்பொடி நிறத்தில் நிற்பது மேல்தோலில் தங்கிய மெலனின் என்னும் நிறமி. பருவின் அழற்சி, நிறமி செய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அவை வழக்கத்தைவிட அதிகமாக மெலனின் செய்து சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்த செல்கள் மேலே ஏறி உதிரும்போது நிறமும் போகும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மாதம். ஆகவே எந்த மருந்தானாலும் 8 முதல் 12 வாரம் கழித்துத்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் பளிச்சென்று ஆகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சாம்பல் பூத்த இரண்டு இடம் மூன்றாவது வகை. உள்பரு ஆழமாக இருந்ததால் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவிலுள்ள தளம் சிதைந்து, மெலனின் கீழே கசிந்துவிட்டது. அங்குள்ள செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. அவை மங்க ஒரு வருடத்துக்கு மேல், பல வருடம்கூட ஆகும். தைக்குள் போகாது. கல்யாணத்தன்று ஆரஞ்சுச் சாயல் உள்ள கரெக்டரைப் புள்ளி அளவு வைத்து அதன்மேல் ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல் நிறம் தெரியாது. அந்த இரண்டு புள்ளிக்காக முகம் முழுவதையும் எரிக்க வேண்டாம்.

இனி நிறுத்த வேண்டியவை. ஸ்க்ரப்பையும் எலுமிச்சையையும் இன்றே நிறுத்துங்கள். வால்நட் தூள் ஒழுங்கற்ற கூர்முனை உள்ளது. கண்ணுக்குத் தெரியாமல் கீறுகிறது. ஒவ்வொரு கீறலும் புது அழற்சி, ஒவ்வொரு அழற்சியும் நம் போன்ற தோலில் புதுக் கருமை. எலுமிச்சையில் அமிலம் மட்டுமில்லை, வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடும் ஃப்யூரோகூமரின் என்ற பொருளும் இருக்கிறது. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, சில சமயம் கொப்பளித்து, பிறகு வாரக்கணக்கில் கருங்கோடாக நிற்கும். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கடலை மாவு, பயத்தமாவு போட்டு முகம் கழுவுவதில் குற்றமில்லை, நன்றாக நைசாக அரைத்ததாக இருந்து, தேய்க்காமல் கழுவினால்.

வைட்டமின் சி சீரத்தையும் 10 விழுக்காடு நியாசினமைடையும் ஒதுக்கி வையுங்கள். கெட்டது என்பதால் இல்லை, எரியும் முகத்தில் போடக்கூடாது என்பதால். நியாசினமைடு நிறமி கைமாறுவதைத் தடுக்கும் நல்ல பொருள். 4 அல்லது 5 விழுக்காடு போதும். 10 போட்டால் இரண்டு மடங்கு பலன் வராது, எரிச்சல்தான் கூடும்.

இரவு க்ரீம்தான் பெரிய விஷயம். அதைப் பற்றி மருந்துக்கடைக்காரர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள், ட்யூபைக் கையில் எடுத்துப் போங்கள்.


பதில் 2: கல்வம்

மருந்தாளராக எழுதுகிறேன்.

அந்தக் கலவை 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் முன்வைத்த சூத்திரத்தின் வழி வந்தது. அவருடையதில் ஹைட்ரோகுயினோன் 5, ட்ரெட்டினாயின் 0.1, டெக்சாமெத்தசோன் 0.1 விழுக்காடு. இன்று கடையில் கிடைப்பதில் முதல் இரண்டின் அளவு குறைவு, ஆனால் ஸ்டீராய்டு மொமெட்டாசோனாக இருந்தால் அது முகத்துக்கு வலுவானது. இந்தக் கலவையை மங்கு என்னும் படர்ந்த கருமைக்கு, மருத்துவர் குறித்த சில வாரங்களுக்கு, கண்காணிப்பில் பயன்படுத்துவார்கள். பருத்தடத்துக்கு முகம் முழுவதும் பூசும் அழகு க்ரீமாக அது ஆனதுதான் கேடு.

முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஏன் பளிச்சென்று ஆனது? ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும், நிறமி உற்பத்தியையும் தற்காலிகமாகக் குறைக்கும். தொடர்ந்தால் தோல் மெலியும், சிறு ரத்தக்குழாய்கள் தெரியும், ஒரே அளவிலான சின்னச் சின்னப் பருக்கள் கொத்தாக வரும், கன்னத்தில் முடி வளரும், வெயிலில் எரியும். தங்கைக்கு எரிச்சலும் செம்மையும் தொடங்கிவிட்டன. நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் செம்மையும் பருவும் கிளம்பலாம். அந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் பயந்துபோய் மறுபடி அதே ட்யூபை எடுக்கிறார்கள், சுழல் தொடர்கிறது. ஐந்தாறு வாரம் மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் நேராக நிறுத்தவே சொல்வார்கள். பல மாதம் போட்டவர்களுக்குத்தான் வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவார்கள். இதை மருத்துவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

சட்டப்படியும் ஒரு சொல். 2018இல் மொமெட்டாசோன், க்ளோபெட்டசால் உள்ளிட்ட ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் ஷெட்யூல் எச் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மருந்துச்சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. ட்யூபின் ஓரத்தில் சிவப்புக் கோடும் எச்சரிக்கை வாசகமும் இருக்கும். வாங்கும்போதே உள்ளடக்கத்தில் "சோன்", "சோலோன்", "சால்" என்று முடியும் பெயர்களைக் கவனியுங்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டசால் எல்லாம் ஸ்டீராய்டுதான். ஃப்ளூசினோலோன் அசிட்டோனைடும் அதே வகை.

உள்ளடக்கமே அச்சிடாத வெளிநாட்டு வெள்ளை க்ரீம் டப்பாக்கள் இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் இருக்க வாய்ப்புண்டு. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரில் புரதம் கசிந்து கால் வீங்கி மருத்துவமனைக்கு வருபவர்களிடம், முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று மருத்துவர்கள் கேட்பது இதனால்தான்.

ஹைட்ரோகுயினோன் தனியாக நல்ல மருந்து. 2 முதல் 4 விழுக்காடு, இரவில் மட்டும், தடத்தின்மேல் மட்டும், மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இடைவெளியின்றிப் போகாமல். ஆண்டுக்கணக்கில் போட்டால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலம் கலந்த கருமை வரும், அது எளிதில் போகாது. தடத்தைத் தாண்டிப் பூசினால் சுற்றி வெளிர் வளையம் விழும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் தொட்டு வைப்பது இதற்காக. ட்யூபிலிருந்து வருவது பழுப்பாக மாறியிருந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, எறிந்துவிடுங்கள். பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் சேர்த்தால் தோலில் தற்காலிகக் கறை பிடிக்கும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வையுங்கள்.

தங்கையின் முகத்துக்கு இப்போது ஹைட்ரோகுயினோன் வேண்டாம். எரிச்சல் அடங்கட்டும்.


பதில் 3: செங்காந்தள்

சன்ஸ்க்ரீன் ட்யூப் நான்கு மாதமாகத் தீரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தடம் மங்காததற்குப் பாதிக் காரணம் அந்த வரியில் இருக்கிறது.

எஸ்பிஎஃப் என்னும் வெயில் தடுப்பு எண்ணைச் சோதிக்கும்போது தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகம், காது, முன்கழுத்து எல்லாம் சேர்த்தால் தோராயமாக ஒன்றரை கிராம். ஒருவேளை மட்டும் போட்டாலே 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் சொச்சம்தான் வரும். நான்கு மாதம் வருகிறது என்றால் கால் பங்குதான் படுகிறது, பாதுகாப்பும் அதற்கேற்பக் குறைகிறது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடிமுதல் நுனிவரை ஒவ்வொரு கோடு பிழிந்து, ஒரு கோட்டை முதலில் போட்டுக் காய்ந்ததும் இரண்டாவதைப் போடச் சொல்லுங்கள். ஒரே தடவையில் அப்பினால் திட்டுத்திட்டாக வெள்ளை நிற்கும், அதனாலேயே பலர் குறைத்துவிடுகிறார்கள்.

எஸ்பிஎஃப் 30க்கு மேல், பிஏ (புற ஊதா ஏ கதிரைத் தடுக்கும் அளவு) மூன்று பிளஸுக்கு மேல் இருக்கட்டும். நிறம் கலந்த சன்ஸ்க்ரீனாக வாங்குவது நல்லது. கறுத்த தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமின்றி நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், அதிலும் நீலப் பகுதி, கருமையைக் கூட்டும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த பழுப்பு நிறச் சன்ஸ்க்ரீன் தடுக்கும். உள்ளடக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நிறத்துக்குப் பொருந்தும் சாயல் சில கம்பெனிகளில்தான் கிடைக்கிறது. ஒன்று வெளுப்பாக இருந்தால் அடுத்த ஆழமான சாயலைக் கலந்துகொள்ளலாம்.

செல்போன் திரை வெளிச்சத்தால் கறுக்கும் என்று பரவும் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். வெயிலோடு ஒப்பிட்டால் அது மிகமிகக் குறைவு. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்தால் கவனியுங்கள்; சாதாரணக் கண்ணாடி புற ஊதா பியைத்தான் தடுக்கும், புற ஊதா ஏ கதிரும் வெளிச்சமும் உள்ளே வந்துவிடும்.

காலை எட்டரைக்குப் பூசி, மதியம் சாப்பாட்டுக்கு முன் முகத்தை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். டூவீலரில் போனால் துப்பட்டாவைத் தளர்வாகக் கட்டுங்கள். வியர்வையில் நனைந்த துணி தாடையில் இறுக்கி உரசினால் அந்த இடத்தில் பருவும் வரும், உரசலால் கருமையும் வரும். ஹெல்மெட் வாருக்கும் இதே பேச்சு. தாடை ஓரம் என்று நீங்கள் எழுதியதால் சொல்கிறேன்.


மறுகேள்வி: பவளமல்லி

நிழல்மரம் சார், கல்வம் சார், செங்காந்தள் அக்கா, மூவருக்கும் நன்றி. டம்ளர் வைத்துப் பார்த்தோம். ஐந்து புள்ளி மறைந்து திரும்பியது, மற்றவை மாறவில்லை. தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அவர் என்ன தருவார், அதை எப்படிப் பூசினால் எரியாது என்று முன்கூட்டித் தெரிந்தால் நல்லது. மாதவாரியாகச் சொல்ல முடியுமா? பின்கழுத்துக்கும் இதையே போடலாமா? அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் போகும் என்கிறார்.


பதில் 4: நிழல்மரம்

மருத்துவர் முகத்தைப் பார்த்து மாற்றலாம். வழக்கமான போக்கு இதுதான்.

புரட்டாசி முழுவதும் சிகிச்சை எதுவும் இல்லாமல் தோலை ஆற விடும் காலம். காலையும் இரவும் நுரை குறைந்த, மணமில்லாத முகக்கழுவி (ஃபேஸ் வாஷ்). அரை நிமிடம் விரல் நுனியால் தடவி, சாதாரணத் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றுவது. ஈரம் காய்வதற்குள் செராமைடோ கிளிசரினோ உள்ள வாசனையற்ற மாய்ஸ்சரைசர். காலையில் அதன்மேல் சன்ஸ்க்ரீன். வேறு எதுவும் இல்லை. ஸ்டீராய்டை நிறுத்தியதால் பரு கிளம்பினால் மருத்துவர் கொஞ்ச நாளுக்கு மாத்திரை தரலாம். இந்த மாதம் வீணாகிறது என்று தோன்றும். வீணில்லை. எரியும் தோலின்மேல் நிறம் குறைக்கும் மருந்து போட்டால் அந்த மருந்தே அடுத்த தடத்தை உண்டாக்கும்.

எரிச்சல் நின்று, வெறும் மாய்ஸ்சரைசர் பூசினால் சுருக்கென்று குத்தாமல் ஒரு வாரம் கடந்த பிறகு அசிலாயிக் அமிலம். என் கணிப்பில் தங்கைக்கு மிகப் பொருத்தமானது இதுதான். புதுப் பருவையும் அடக்கும், அதிகமாக வேலை செய்யும் நிறமி செல்களை மட்டும் குறிவைக்கும், சுற்றியுள்ள சாதாரணத் தோலை வெளுக்காது. கர்ப்பத்திலும் பயன்படுத்தலாம் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற வேண்டியதில்லை. 10 விழுக்காட்டு ஜெல்லில் தொடங்குங்கள். முகம் கழுவி இருபது நிமிடம் நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தில் பூசினால் குத்தல் கூடும். விரல் நுனியில் அரை கிராம் அளவு எடுத்து நெற்றி, கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு. தாங்கினால் தினமும் இரவு. இன்னொரு இரண்டு வாரம் கழித்துக் காலையிலும். ஒரு மாதம் தாங்கினால் 15 அல்லது 20 விழுக்காட்டுக்கு மாற்றலாம்.

பூசியதும் பத்துப் பதினைந்து நிமிடம் அரிக்கும், குத்தும். தோல் சிவக்காமல் அரித்தால் பயமில்லை, மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். அரை மணிக்கு மேல் எரிந்தாலோ மறுநாளும் செம்மை போகாமல் இருந்தாலோ, அடியில் மாய்ஸ்சரைசர் பூசி அதன்மேல் மருந்து போடுங்கள். அப்படியும் எரிந்தால் வாரம் இரண்டு நாளாக இறக்குங்கள். தாங்கிக்கொண்டு போட்டால் சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்களுக்குத்தான் தடம் கூடுகிறது.

அடபலீன் 0.1 விழுக்காடு ஜெல்லும் தருவார்கள். பருவுக்கு அருமையானது, தோல் செல்கள் உதிர்வதைச் சீராக்குவதால் நிறமும் குறையும். ஒரு பட்டாணி அளவு முகம் முழுவதற்கும். பருவின் தலையில் மட்டும் வைக்கும் மருந்து இல்லை அது. வாரம் மூன்று இரவு, மாய்ஸ்சரைசருக்குப் பிறகு. மூக்கு மடிப்பு, வாயோரம், கண்ணோரம் மூன்று இடத்திலும் முன்பே வாஸ்லின் தடவிவிட்டால் அங்கே தேங்கித் தோல் உரியாது. ஆனால் ஸ்டீராய்டு பட்ட முகத்தில் இதை அவசரப்பட்டுத் தொடங்கக்கூடாது. குழந்தைக்கு முயலும்போது அடபலீன், ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன் மூன்றும் நிறுத்த வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுத்தால் கல்யாணத் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கருத்தரிக்கவே கூடாது. கருமையைக் குறைக்க ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை தந்தால், கல்யாண நாளுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை எடுக்கும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்துக் கூடலாம்.

கணக்கு இப்படி வருகிறது: ஐப்பசியில் மருந்து தொடங்கினால் மார்கழியில் காப்பி நிறத் தடங்கள் கண்ணுக்குத் தெரிய இளகும். முழுதாகப் போக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, நம்பிக்கை போய் வேறு க்ரீம் தேடத் தொடங்குவார்.


பதில் 5: ஆவாரம்பூ

பின்கழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அது இந்தக் கதையே இல்லை.

கைவிரலால் தடவிப் பாருங்கள். தோல் தடித்து வெல்வெட் துணி போல மெத்தென்று, கோடு கோடாக இருந்தால் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். அக்குளிலும் இருக்கும். அழுக்கும் இல்லை, பருத்தடம் போன்றதும் இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தாடை ஓரப் பரு, கழுத்துக் கருமை இரண்டும் சேர்ந்திருக்கிற பெண்ணுக்கு மாதவிலக்குச் சரியாக வருகிறதா, முகவாயில் முடி வளர்கிறதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கான சோதனையும், வெறும்வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்து குறைத்தால் கழுத்து தானாகத் தெளிகிறது. க்ரீம் வாங்கும் பணத்தை அந்த ரத்தச் சோதனைக்குச் செலவழிப்பது மேல்.

பீர்க்கங்காய் நார் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நாராலோ நைலான் வலையாலோ தினமும் தேய்ப்பதாலேயே கழுத்தெலும்பு, முதுகின் மேல்பகுதி, முழங்கை ஓரம் என்று எலும்பு எடுப்பாக உள்ள இடங்கள் கறுக்கும். உரசலால் வரும் அந்தக் கருமை நம் நாட்டுத் தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், இன்னும் கறுக்கும். நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்லத் தெளியும்.

இந்த இழையைப் படிப்பவர்களுக்காக இன்னும் இரண்டு. ஒரே இடத்தில், காசு வட்டமாக, அவ்வப்போது அரித்துச் சிவந்து, பிறகு முன்னைவிடக் கறுத்து நிற்கும் தடம் இருந்தால், அது வருவதற்கு முந்தின ஒரு நாளில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று யோசியுங்கள். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் வகை, டெட்ராசைக்ளின் வகை, இப்யூப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யும். உதடு, கை, பிறப்புறுப்பில் அதிகம். எந்த மாத்திரை என்று தெரிந்தால் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் காட்ட வேண்டும். க்ரீமால் அது தீராது.

தலைக்கு டை அடித்த சில வாரத்தில் நெற்றியோரமும் காதுப்பக்கமும் சாம்பலாகக் கறுத்தால் டையிலுள்ள பிபிடி என்ற நிறம் தரும் ரசாயனத்தின் மேல் சந்தேகப்படுங்கள். பொட்டு வைக்கும் இடம் கறுத்தால் குங்குமத்தையோ ஸ்டிக்கர் பசையையோ மாற்றிப் பாருங்கள்.


பதில் 6: கொடிக்காய்

ஆவாரம்பூ அக்கா, ஒரு கிளைக்கேள்வி. மூன்று வயதுப் பிள்ளைக்குக் காலெல்லாம் கொசுக்கடித் தடம். பெரியவர்களுக்குச் சொன்ன மருந்துகள் ஆகுமா?


பதில் 7: ஆவாரம்பூ

வேண்டாம். சிறு பிள்ளைக்கு நிறம் குறைக்கும் மருந்து எதுவும் தேவையில்லை. புதுக் கடி நின்றால் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் தானே போய்விடும். தடத்தை உண்டாக்குவது கடியைவிடச் சொறிதல்தான். கடித்தவுடன் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் ஐந்து நிமிடம், பிறகு காலமைன் லோஷன். தடித்துச் சிவந்தால் 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் அந்தப் புள்ளியில் மட்டும், மூன்று நான்கு நாள், பிள்ளை மருத்துவரைக் கேட்டு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மாலை ஐந்துக்குமேல் மெல்லிய பருத்தி முழுக்கால்சட்டை, இரவில் கொசுவலை. புண்ணாகி மஞ்சள் பொருக்குக் கட்டினால் கிருமி சேர்ந்துவிட்டது, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளிப்போட்டால் தழும்பு பெரிதாகும்.


பதில் 8: செங்காந்தள்

பீல் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பார்லர் வேண்டாம். மருத்துவர் செய்வதானால் சாலிசிலிக் அமிலம் 20 முதல் 30, கிளைக்காலிக் அமிலம் 20 முதல் 35 விழுக்காடு அல்லது மாண்டெலிக் அமிலம். எல்லாம் மேலோட்டமானவை, இரண்டு முதல் நான்கு வார இடைவெளி. நம் நிறத் தோலில் ஆழமாக இறங்கும் பீல் போட்டால் தீக்காயம் போலவே கறுக்கும். ஸ்டீராய்டு பட்ட முகத்துக்குச் செம்மை முழுதும் அடங்காமல் பீல் போடக்கூடாது. ஆகவே ஆறு சிட்டிங் என்ற கணக்கு நான்கு மாதத்தில் உட்காரவே உட்காராது. மருத்துவர் சரியென்றால் கார்த்திகையில் ஒன்று, மார்கழித் தொடக்கத்தில் ஒன்று. கடைசி பீலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். முதல் தடவை காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ சிறு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடபலீன் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்தணும். த்ரெட்டிங், வேக்சிங், ப்ளீச் மூன்றும் பீலுக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் இல்லை. உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் அடிக்கடி வருகிறவர் என்றால் முன்பே சொன்னால் மாத்திரை தருவார்கள். உரியும் தோலைப் பிய்க்கவே கூடாது.

லேசரும் உண்டு, 1064 நானோமீட்டர் க்யூ ஸ்விட்ச் வகை. கறுத்த தோலில் திரும்பக் கறுப்பதும் வெள்ளைப் புள்ளி விழுவதும் நடக்கிறது. கல்யாணத்துக்கு முன் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முக ப்ளீச்சும் அப்படியே. அதிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் முகத்து ரோமத்தின் நிறத்தைத்தான் மாற்றுகின்றன. தடம் இருந்த இடத்தில் இருக்கும், எரிச்சல் மட்டும் சேரும்.

நலங்கு வைக்கும்போது மஞ்சளும் நலங்கு மாவும் முகத்தில் பூசுவார்கள். அதே மஞ்சளை, அதே மாவை, பத்து நாள் முன்பே முழங்கை மடிப்பில் காசளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். அரித்தால் பெரியவர்களிடம் சொல்லிக் கையிலும் காலிலும் மட்டும் வைக்கச் சொல்லலாம், கன்னத்தில் தொட்டு மட்டும் எடுக்கலாம். நலங்குக்கு முந்தின இரண்டு இரவும் அடபலீன் இருந்தால் நிறுத்துங்கள், அசிலாயிக்கும் ஒருநாள் விடலாம். மேக்கப் கலைஞர் கொண்டு வரும் பொருட்களை ஒருமுறை முன்கூட்டிப் போட்டுப் பாருங்கள், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு. அன்றிரவு எவ்வளவு களைப்பானாலும் மேக்கப்பை எண்ணெய்க் கழுவியால் கரைத்து எடுத்து, பிறகு சாதாரணக் கழுவி. ஈரத் துடைப்புத் தாளால் அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டாம். மறுவீட்டுக்குப் போகும் பெட்டியில் மாய்ஸ்சரைசர், அசிலாயிக், சன்ஸ்க்ரீன் மூன்றையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.